மேகத்தில் மிதக்கிற ஜப்பான் கோட்டை: முழங்கால் வலியுள்ள அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

லாஸ்பேட்டைக்காரன்

வணக்கம். தம்பி ஒசாகாவில் வேலை பார்க்கிறான், மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருவழியாக வருகிற நவம்பரில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பத்து நாள் போவதாக முடிவாகியிருக்கிறது. கியோத்தோ, நாரா, ஹிமேஜி எல்லாம் தம்பி பொறுப்பு, அதில் கேள்வி இல்லை. கேள்வி அப்பாவால் வந்தது.

அப்பா வரலாற்று வாத்தியார், ரிட்டையர் ஆகிப் பத்து வருஷம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது செஞ்சிக்குப் போய் ராஜகிரி ஏறாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. தம்பி சும்மா இருக்காமல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிவிட்டான், தகேதா கோட்டையாம், வெள்ளை மேகத்துக்கு நடுவில் மலை உச்சி மட்டும் கப்பல் மாதிரி நிற்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து "அங்கே போகலைன்னா எனக்கு டிக்கெட்டே போடாதே" என்கிறார்.

வயது 68. இடது முழங்கால் தகராறு. போன தடவை செஞ்சியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரைக்கும் ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டார், மேலே வரவில்லை, இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அம்மா வேறு, "போயும் போயும் ஜப்பான் வரைக்கும் போய் இடிஞ்ச சுவரையா பார்க்கணும்" என்று கேட்கிறாள். விசாரித்ததில் மேலே கட்டடம் ஒன்றுகூட இல்லை, கல் மட்டும்தான் என்கிறார்கள். போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: போகிற அளவுக்கு இருக்கிறதா, அந்த மேகம் நிஜமா, இவரால் ஏற முடியுமா?

தென்பெண்ணைக்கரை

நான் போயிருக்கிறேன், கடலூர்தான் சொந்த ஊர். மேகம் நிஜம். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்லாமல் விட்டதால் நான் ஏமாந்தேன், நீங்கள் ஏமாற வேண்டாம். அந்தப் படம் கோட்டையில் நின்று எடுத்தது இல்லை! கோட்டை மேலேயே நின்றால் கோட்டை மிதப்பது எப்படித் தெரியும்? எதிர்ப்பக்கம் ரித்ஸுன்க்யோ என்று இன்னொரு மலைச்சரிவு இருக்கிறது, நடுவில் ஊரும் மருயாமா ஆறும் ஓடுகிற பள்ளத்தாக்கு, அங்கே நின்று இந்தப் பக்கம் பார்த்து எடுக்கிறார்கள்.

நான் இது தெரியாமல் இருட்டில் எழுந்து, டார்ச் அடித்துக்கொண்டு கோட்டைக்கே ஏறி உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பார்த்து பனிமூட்டம் கோட்டைக்கு மேலேயே ஏறிவிட்டது. இட்லிப் பானை மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்ட மாதிரி, சூடு மட்டும்தான் இல்லை. பக்கத்தில் நின்ற ஆள் இருமுவது கேட்கிறது, ஆள் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சட்டை நுனி நனைந்ததுதான் மிச்சம். எட்டு மணி வாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. முதலில் ஒரு சுவரின் மூலை, அப்புறம் ஒரு மரம், அப்புறம் திடீரென்று காலுக்குக் கீழே ஊர் முழுக்க ஓட்டுக் கூரையாக. அதற்காக இன்னொரு தடவை போகச் சொன்னாலும் போவேன், அது வேறு. ஆனால் உங்கள் அப்பா மனதில் இருக்கிற படம் அது இல்லை.

மேகம் செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, விடியலிலிருந்து எட்டு மணி வரைதான். பகல் வெயிலாக இருந்து, ராத்திரி வானம் தெளிவாகி நன்றாகக் குளிர்ந்து, காற்றும் அடிக்காமல் இருந்தால் ஆற்று ஈரம் அப்படியே மூட்டமாகி நிற்கும். மார்கழியில் விடியற்காலை தென்பெண்ணைப் பாலத்தில் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா, அதே சங்கதிதான், சுற்றிலும் மலை இருப்பதால் அங்கே மூட்டத்துக்குக் கலைந்து போக வழியில்லை. நவம்பர் நல்ல மாதம். ஆனாலும் ஒரே ஒரு காலையை மட்டும் வைத்துக்கொண்டு போனால் சூதாட்டம்தான்.

பீச்ரோடுபெஞ்ச்

தப்பாக நினைக்காதீர்கள், ஆனால் எனக்கு உங்கள் அம்மா கட்சிதான் சரியென்று படுகிறது. புதுச்சேரியிலிருந்து எழுபது கிலோமீட்டரில் செஞ்சி இருக்கிறது. மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690-லிருந்து 1698 வரைக்கும் எட்டு வருஷம் வாசலில் உட்கார்ந்த கோட்டை. நம்ம ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் 1750-ல் பிடித்து 1761-ல் கோட்டைவிட்ட கோட்டை. யுனெஸ்கோ பட்டியலில் இப்போது 2025-ல்தான் மராட்டியக் கோட்டைகளோடு சேர்த்துப் போட்டார்கள், தமிழ்நாட்டில் அந்த வரிசையில் அது ஒன்றுதான். களஞ்சியம், கல்யாண மகால் என்று முழுசாக நிற்கிறது. அங்கே தகேதாவில் 1577-ல், பின்னால் ஜப்பானை ஒன்றாக்கிய ஹிதெயோஷியின் தம்பி ஹிதெனாகா படையோடு வந்தார், கோட்டை கைமாறியது, எட்டு வருஷம் எல்லாம் இழுக்கவில்லை. பெரு நாட்டு மலைக்கோட்டை நகரம் மாதிரி 'ஜப்பானின் மச்சு பிச்சு' என்று பெயர் வைத்தால் கூட்டம் வரத்தான் செய்யும். மூன்று டிக்கெட் காசில் செஞ்சிக்கு ஆயுள் முழுக்கப் போகலாம் சார்.

சென்ட்ரிங்

பெஞ்ச் அண்ணா, டிக்கெட் எப்படியும் போட்டாகிவிட்டது, தம்பியைப் பார்க்கத்தானே போகிறார்கள். அந்தக் கணக்கை விடுங்கள்.

நான் நெல்லிக்குப்பத்தில் வீடு கட்டிக் கொடுக்கிறவன், எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். செஞ்சியும் பார்த்திருக்கிறேன், தகேதாவும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் தராசில் வைக்கிறதே சரியில்லை. செஞ்சியில் பாதி வேலையை மலையே செய்துவிட்டது, பாறைக்கும் பாறைக்கும் நடுவே இருக்கிற சந்தை மதிலால் அடைத்தார்கள். தகேதாவில் உச்சியைச் சீவிச் சமப்படுத்தி, வடக்கு தெற்காகச் சுமார் 400 மீட்டர், கிழக்கு மேற்காக 100 மீட்டருக்கு, சரிவைப் பிடித்து நிறுத்தும் சுவராகவே கட்டியிருக்கிறார்கள். மேலே இருந்த மரக் கட்டடம் எல்லாம் போய்விட்டது, ஆனால் அந்தச் சுவர் நானூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது, அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

அதில் கலவையே கிடையாது. சுண்ணாம்பு கிண்ணாம்பு ஒன்றும் இல்லை. மலைக் கல்லைச் செதுக்காமல், கிடைத்த வடிவத்திலேயே அடுக்கியது. நோஸுரா ஸுமி என்கிறார்கள். ஜப்பானில் ஓமி என்ற பழைய மாகாணத்து ஆனோ என்ற ஊர்க் கல்வேலைக்காரர்களுடைய பாணி, அந்தக் காலத்தில் பெரிய பெரிய கோட்டைக்கெல்லாம் அவர்களைத்தான் கூப்பிடுவார்களாம். கல்லின் நீளத்தை உள்ளே தள்ளி, சின்ன முகத்தை வெளியே காட்டி வைக்கிறார்கள். இடைவெளியில் சில்லு. நாம் அஸ்திவாரத்துக்குக் கருங்கல் அடுக்கும்போது ஆடுகிற கல்லுக்குச் சில்லு கொடுப்போமே அதேதான். நான் ஒரு இடுக்கில் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரைக்கும் போய்விட்டது, உள்ளே சல்லி விரலில் தட்டியது, சில்லென்று ஈரம். அப்போதுதான் புரிந்தது. இன்றைக்கு நாம் தாங்குசுவருக்கு அங்கங்கே பி.வி.சி. குழாய் விட்டு மழைத்தண்ணீருக்கு வழி வைக்கிறோம், அங்கே சுவர் முழுக்கவே வழிதான், பின்னால் தண்ணீர் தேங்கித் தள்ளினால்தானே சுவர் வயிறு வைக்கும்! மூலையில் மட்டும் நீளக் கல்லாகப் பார்த்து, ஒரு வரிசை இந்தப் பக்கம் நீளம், அடுத்த வரிசை அந்தப் பக்கம் நீளம் என்று மாற்றி மாற்றி வைத்துக் கட்டிப் பிடித்திருக்கிறார்கள். செங்கல்லில் நாம் செய்வதுதான். என் மனைவி பத்து நிமிஷத்தில் படம் எடுத்து முடித்துவிட்டு, ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்கிற என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வரலாற்று வாத்தியார் என்பதால் இதையும் சொல்லுங்கள். அந்தக் கல் சுவரைக் கட்டிய கடைசித் தலைவர் அகமாட்ஸு ஹிரோஹிதே, படிப்பாளி மனுஷன். 1600-ல், ஜப்பானை யார் ஆள்வது என்று தீர்த்த செகிகஹாரா போரில் முதலில் தோற்ற பக்கம், கடைசி நேரத்தில் ஜெயித்த பக்கம் தாவினார். தொத்தோரி கோட்டையைத் தாக்கும்போது ஊருக்குத் தீ வைத்தார் என்று பழி வந்து, வயிற்றைக் கிழித்துச் சாகச் சொல்லி உத்தரவு. அதோடு கோட்டையும் கைவிடப்பட்டது. தேசிங்கு ராஜாவுக்குக் கண்கலங்குகிறவர் என்றால் இதற்கும் கலங்குவார்.

ஒரு எச்சரிக்கை. மதில் ஓரத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது, எட்டிப் பார்த்தால் நேர் கீழே. 2013 வாக்கில் வருஷத்துக்கு ஐந்து லட்சம் பேருக்கு மேல் வந்து மிதித்ததில் தரை தேய்ந்துவிட்டது, அதனால் நடக்கிற வழியில் விரிப்பு போட்டு, கயிறு கட்டி விட்டிருக்கிறார்கள். கயிற்றைத் தாண்ட வேண்டாம். கைத்தடி எடுத்துப் போனால் நுனியில் ரப்பர் இருக்கட்டும்.

லாஸ்பேட்டைக்காரன்

சென்ட்ரிங் அண்ணா, உங்கள் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், "இவர் யார், நம்பர் வாங்கு" என்றார். தென்பெண்ணை சார், நல்லவேளை சொன்னீர்கள், நானும் கோட்டையில் நின்றுதான் படம் என்று நினைத்திருந்தேன். அப்படியென்றால் எதிர்மலையா, கோட்டையா, எது? இரண்டிலும் எவ்வளவு நடக்கணும்? அப்பா சுத்த சைவம் என்பதையும் சொல்ல மறந்துவிட்டேன்.

கோபேவாசி

தம்பி, நான் பண்ருட்டிக்காரி, கோபேயில் இருந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் என் தலையில்தான் இந்தச் சுற்றுலா விழும், அதனால் கேளுங்கள்.

அன்றே போய் அன்றே திரும்புவது வேண்டாம். முதல் ரயில் பிடித்தாலும் மேகம் முடிந்த பிறகுதான் போய்ச் சேருவீர்கள். முந்தின நாளே போங்கள். ஒசாகாவிலிருந்து வதாயாமா வரை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அங்கிருந்து தகேதா அடுத்த ஸ்டேஷன். ஹிமேஜி வழியாகவும் வரலாம், தெராமாயேவில் மாறணும், அதற்கு அந்தப் பக்கம் டீசல் வண்டிதான், ஒன்றைத் தவறவிட்டால் நடைமேடையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்க வேண்டியதுதான். தங்க வதாயாமாவில் சாதா ஹோட்டல் உண்டு, தகேதா ஊருக்குள் பழைய சாக்கே (அரிசி மது) வடிசாலை ஒன்றையும் ஹோட்டலாக்கியிருக்கிறார்கள், அழகு, ஆனால் பர்ஸ் பத்திரம்.

மறுநாள் விடியலில் எதிர்மலை. அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது, ராத்திரியே டாக்சி சொல்லிவிடுங்கள், தம்பி ஜப்பானியில் பேசிவிடுவான். கார் நிறுத்தும் இடத்திலிருந்து முதலில் வருகிற பார்வைமேடைக்கு ஐந்து நிமிஷ நடைதான், அதற்குப் பெயர் மூன்றாவது மேடை, குழம்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாவதுக்கு இருபது நிமிஷம், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற முதலாவதுக்கு நாற்பது நிமிஷம் ஏற்றம். போஸ்டர் படம் மேலேதான் கிடைக்கும், ஆனால் மூன்றாவதிலிருந்தும் கோட்டை தெரியும். அப்பாவை அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மேலே ஓடலாம். உட்காரும்போது ஒரு அட்டையோ துண்டோ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பனியில் பலகை நனைந்திருக்கும்.

பிறகு இறங்கி வந்து சூடாக எதையாவது குடித்துவிட்டு, பகலில் ஸ்டேஷனிலிருந்து டென்கூ பஸ் பிடித்துக் கோட்டைக்குப் போங்கள். மலை 353 மீட்டர், ஆனால் பஸ் பாதிக்கு மேல் கொண்டுபோய் விடும், அதற்கு மேல் இருபது நிமிஷம் தார் ரோடு ஏற்றம், உள்ளே போன பிறகுதான் ஒழுங்கில்லாத கல் படி. ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே ஒரு நடைபாதை ஏறுகிறது, நாற்பது நிமிஷம்தான் என்பார்கள், அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம், அது முழங்காலுக்கு எமன். கோட்டைக்கும் எதிர்மலைக்கும் தனித்தனியாகக் காசு வாங்குகிறார்கள். பார்க்கிறவர்கள் முதுகுப்பையில் மணி கட்டியிருந்தால் சிரிக்காதீர்கள், இந்தப் பக்கக் காட்டில் கரடி உண்டு, சத்தம் கேட்டு விலகட்டும் என்றுதான்.

குளிர்! புதுச்சேரி ஸ்வெட்டர் செல்லாது. விடியலில் ஒற்றை இலக்கத்தில் இருக்கும், மங்கி குல்லாய் இருந்தால் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாப்பாடுதான் சிக்கல். காய்கறி சூப் என்று கொடுப்பதிலும் மீன் சாறு இருக்கும். தகேதாவில் கடையே குறைவு. உமெபோஷி (உப்பில் ஊறிய உமே காய்) வைத்த சோற்று உருண்டையை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நம்ம உப்பு நெல்லிக்காய் மாதிரி புளித்துக்கொண்டு இருக்கும், பாக்கெட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தம்பியைப் படிக்கச் சொல்லுங்கள்.

தென்பெண்ணைக்கரை

அக்கா சொன்ன வரிசைதான் சரி, எனக்கு இது முன்னாலேயே கிடைத்திருந்தால் சட்டை நனைந்திருக்காது. ஒன்று மட்டும். கட்டடம் இல்லையே என்று அம்மா குறைப்பட்டால் ஒகயாமா பக்கம் பிச்சூ மட்ஸுயாமா கோட்டை இருக்கிறது. 430 மீட்டர் மலைமேல், பழைய மரக் கோபுரம் அப்படியே நிற்கிறது. ஜப்பான் முழுக்க அப்படி மிஞ்சியது பன்னிரண்டுதான். அதற்கும் மேகம் வரும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு வழிதவறி வந்த சஞ்சூரோ என்ற பூனையைப் பிடித்து கோட்டைத் தலைவர் ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் அங்கே நடை கஷ்டம், அப்பாவுக்கு வேண்டாம்.

லாஸ்பேட்டைக்காரன்

வதாயாமாவில் இரண்டு ராத்திரி தங்குகிறோம், இரண்டு காலை கிடைக்கும். அப்பாவிடம் மேகம் வராமலும் போகலாம் என்று சொன்னேன். "செஞ்சியில என்ன மேகமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, ஆனோ கல்வேலைக்காரர்கள் ஹிமேஜி கோட்டையிலும் வேலை செய்தார்களா என்று கேட்கச் சொல்கிறார், சென்ட்ரிங் அண்ணாவுக்குத்தான் கேள்வி. அம்மா கட்சி மாறவில்லை, ஆனால் பூனையைப் பார்க்கலாமா என்று கேட்டாள். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் போடுகிறாள்.

சென்ட்ரிங்

யார் அடுக்கியது என்பதை அடித்துச் சொல்கிற அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. ஆனால் ஹிமேஜி சுவரில் கண்ணை விட்டால் கம்பி வலைக்குப் பின்னால் ஒரு திரிகைக் கல் தெரியும். கல் பற்றாக்குறை என்று கேள்விப்பட்டு ஒரு கிழவி தன் மாவரைக்கிற கல்லைக் கொடுத்தாளாம், கதை. அம்மாவுக்கு அதைக் காட்டுங்கள்.

கோபேவாசி

புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைக்காதீர்கள் தம்பி, பேஸ்ட் என்று விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டியில் போட்டு இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதுவும் வேண்டாம், இங்கே இறங்கியதும் பிடுங்கிக்கொள்வார்கள்.