ஓரினச்சேர்க்கைன்னு சொல்லிக் கேட்ட அனுபவம் இருந்தா எழுதுங்க

செல்வா:
அப்பா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார், எதுக்குன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். என்கிட்ட ஒரு கேள்விகூட கேக்கல, அப்பா சொன்னதை வச்சே சீட்டுல "ஓரினச்சேர்க்கைப் பழக்கம்"னு எழுதினார், பழக்கத்துக்கு அடியில கோடு வேற போட்டார். அதுவரைக்கும் நான் ஒருத்தன் கையைக்கூடப் பிடிச்சதில்ல. மனசுல இருக்கிற ஆசைக்கு எதுக்குங்க சேர்க்கைன்னு பேரு?

மலர்:
அந்தச் சேர்க்கை எங்க வீட்டையும் விடல. 2018 செப்டம்பர்ல, ஒரே பாலினத்தவர் சம்மதத்தோட வச்சுக்கிற உறவு குற்றமில்லன்னு சுப்ரீம் கோர்ட்டோட 377 தீர்ப்பு வந்தன்னைக்கு டிவில அதே வார்த்தைதான் ஓடிட்டு இருந்துச்சு, தம்பி நானும் அப்படித்தாம்மான்னுட்டான். அம்மா அரிசி களைஞ்சுட்டு இருந்தாங்க, தலையே நிமிரல, "ஹாஸ்டல்ல உனக்குச் சேர்க்கை சரியில்ல, அந்தப் பசங்களை விட்ரு"ன்னாங்க. கெட்ட சகவாசம்னே நினைச்சுட்டாங்க. தன் பாலினத்தவர் மேலயே வர்ற ஈர்ப்பு, அதாவது தன்பாலீர்ப்புன்னு அன்னைக்கே டிவிக்காரங்க சொல்லியிருக்கலாம்.

கதிர்:
மலர், அதைச் சொன்னா மட்டும் புரிஞ்சிருமா? எங்க மாமாகிட்ட தன்பாலீர்ப்புன்னுதான் சொன்னேன், "அப்ப நீ திருநங்கையா மாறப்போறியா"ன்னு கேட்டு அழுதுட்டாரு. நாம யாருங்கிறது வேற, யார் மேல ஆசை வருதுங்கிறது வேறன்னு விளக்கறதுக்குள்ள விடிஞ்சிருச்சு. நான் இப்பல்லாம் இங்கிலீஷ்ல "கே" (gay)ன்னே சொல்லிடறேன்.

ரேவதி:
கதிர், திருநங்கைங்கிற சொல்லும் ஒரு காலத்துல யாருக்கும் தெரியாது, சொல்லிச் சொல்லித்தான் நிலைச்சுது. நான் பத்திரிகைல ப்ரூஃப் பாக்கிறவ, தன்பாலீர்ப்புன்னு திருத்தி அனுப்புவேன், அச்சுல பழையபடி ஓரினச்சேர்க்கைன்னே வந்து நிக்கும், கேட்டா வாசகருக்கு அதான் தெரியும்பாங்க. 2021ல சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருத்தரை ஒருத்தர் விரும்பின மதுரைப் பொண்ணுங்க ரெண்டு பேர் வழக்குல, இந்த விஷயம் தனக்கே முழுசாப் புரியலன்னு உளவியல் நிபுணர்கிட்ட உக்காந்து கேட்டுட்டுத்தான் தீர்ப்பு எழுதினார், அந்த வழக்குல இருந்துதான் 2022ல தமிழக அரசு கெஜட்ல நம்மளை மரியாதையாக் குறிப்பிடச் சொற்பட்டியலே வந்துச்சு, இங்கிலீஷ்ல குயர் (queer)ங்கிறதுக்கு பால்புதுமையர்ங்கிற சொல்லெல்லாம் அதுல இருக்கு. அதைப் பிரிண்ட் எடுத்து ஆபீஸ்ல ஒட்டியிருக்கேன், எல்லாரும் அவங்கவங்க ஆபீஸ்ல ஒட்டுங்க. செல்வா, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன், இந்த ஈர்ப்பை மாத்தறேன்னு சிகிச்சை குடுக்கிறது டாக்டருக்கு தொழில் ஒழுங்கீனம்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022லயே எல்லா மாநில கவுன்சிலுக்கும் எழுதிருச்சு. மருந்து ஏதாவது எழுதிக் குடுத்தாரா? குடுத்திருந்தா சீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, தேதியோட போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு மாநில மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதுங்க, ரிஜிஸ்டர் தபால்லயே அனுப்புங்க.