"ஆர்க்கே" என்ற கிரேக்கச் சொல்லுக்கு "முதல்" போதாதா?

நண்பர்களுக்கு வணக்கம்,

கிரேக்க மெய்யியலைப் படிக்கத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது, தவறு இருந்தால் திருத்துங்கள். ஆனால் ஆர்க்கே என்ற இந்த ஒரு சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் குறிப்பெடுப்பதே நின்றுவிட்டது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த மிலேட்டஸ் நகரத்தில் மூன்று பேர், எல்லாம் எதிலிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். தேலீஸ் நீர் என்றார். அனாக்சிமாந்தர் வரம்பே இல்லாத ஒன்று (அபைரோன்) என்றார். அனாக்சிமெனிஸ் காற்று என்றதோடு, அது செறிந்தால் நீரும் மண்ணும் கல்லும் ஆகிறது, தளர்ந்தால் தீ ஆகிறது என்று விளக்கமும் சொன்னார். இவர்கள் தேடியதைத்தான் அரிஸ்டாட்டில் பிற்பாடு ஆர்க்கே என்று பேசுகிறார்.

> மூலப்பொருள் என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

ஐயா, புரியும்தான், ஆனால் பஞ்சாலைக்குப் பருத்தி என்பதுபோலப் புரிந்துவிடும். அதோடு பிதாகரஸ் வழியினர் எண்ணைத்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்கிறார்கள், எண்ணை மூலப்பொருள் என்று எப்படி எழுதுவது? மூலம் என்று மட்டும் வைத்தாலும் சிக்கல், அதற்கு வேர் என்றும் பொருள் உண்டு, எம்பெடோக்கிளிஸ் என்ற இன்னொரு கிரேக்க மெய்யியலார் நிலம், நீர், தீ, காற்று நான்கையும் "வேர்கள்" என்றே அழைக்கிறார். அந்தச் சொல்லை அவருக்கு விட்டுவைக்க வேண்டும்.

முதற்பொருள் என்றால் தொல்காப்பியத்தின் நிலமும் பொழுதும் வந்து நிற்கின்றன. முதற்காரணமோ சைவ சித்தாந்தத்தில் குடத்துக்கு மண் போல, ஒன்று எதனால் ஆனதோ அது மட்டும்தான்; செய்யும் குயவனும் உதவும் சக்கரமும் வேறு காரணங்கள். இந்த முன்னோர் பெரும்பாலும் அந்த ஒரு காரணத்தையே பார்த்தார்கள் என்பது அரிஸ்டாட்டில் அவர்கள்மேல் சொன்ன குறை, அவருடைய தீர்ப்பை நாம் தேலீஸ் வாயில் திணிக்கக் கூடாது.

அதனால்தான் வெறும் "முதல்" என்கிறேன். ஆர்க்கே என்றால் தொடக்கம், ஆட்சி என்றும் பொருள், ஏதென்ஸின் ஆட்சியாளர்களை ஆர்க்கோன் என்றது இதே வேரிலிருந்துதான். நமக்கும் முதலிலிருந்துதான் முதல்வர் வருகிறார்! நம் உயிர் காற்றாக இருந்து நம்மைப் பிடித்து ஆள்வதுபோல மூச்சும் காற்றும் உலகத்தைச் சூழ்ந்திருக்கின்றன என்று அனாக்சிமெனிஸ் பெயரில் ஒரு வரி வருகிறதே, அதில் இரண்டு பொருளும் சேர்ந்தே இருக்கின்றன. இந்த இரட்டைப் பொருளைத் தாங்கும் வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

"தேலீஸின் முதல் நீர்" என்று எழுதினால் குழப்பம் வரும், ஒப்புக்கொள்கிறேன். குறளில் "முதற்றே உலகு" என்று வருகிறதே, அந்தப் போக்கில் "உலகுக்கு முதல் நீரே என்றார் தேலீஸ்" என்று எழுதினால் சரியாகிறது. வரிசை எண்ணுக்கு முதலாவது என்று பிரித்துக்கொள்ளலாம்.

அப்புறம், அனாக்சிமாந்தரின் அபைரோனுக்கு "வரம்பிலி" என்று எழுதிப் பார்த்தேன், யாருக்காவது நெருடுகிறதா?