அயர்லாந்தில் பத்து நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

இராயபுரத்தார்:
வணக்கம். டப்ளினில் வேலை பார்க்கும் மகளைக் காண வருகிற ஜூன் மாதம் நானும் என் மனைவியும் அயர்லாந்து செல்கிறோம். பயண முகவர் ஒருவர் தந்த திட்டத்தில், தீவு முழுவதையும் பேருந்திலேயே சுற்றி, ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஊரில் தங்குவதாக இருக்கிறது. மனைவிக்கு மூட்டுவலி, படி ஏறுவது சிரமம். அவருக்குப் பழைய கோயில், கல்வெட்டு என்றால் உயிர். துறைமுகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்த எனக்கோ கடலும் படகும் போதும். இருவருக்கும் பொருந்துகிற இடங்களைச் சென்றுவந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தண்டையார்பேட்டை வாசி:
ஐயா, அந்தப் பேருந்துத் திட்டத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். நாங்கள் டப்ளினிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் ஒருநாள் பேருந்தில், மேற்குக் கடற்கரையில் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைகளுக்குப் போனோம். போய்ச் சேரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இறங்கினால் கடலே தெரியாத மூடுபனி. 214 மீட்டர் உயரத்தில் நின்று வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம். அதே மேற்குக் கரையிலுள்ள கால்வே நகரில் நான்கு நாள் தங்கினால், வானம் தெளிந்த நாளாகப் பார்த்துப் போகலாம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் மாலையில் கிளம்பினாலும் தாழ்வில்லை.

மீதி நாள்களுக்கு மகள் வீடே போதும். அங்கிருந்து உங்கள் துணைவியாரை, டப்ளினுக்கு வடக்கேயுள்ள நியூகிரேஞ்சுக்குக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கி.மு. 3200 அளவில் கட்டப்பட்ட கல்லறை மேடு அது. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில், சூரியன் உதித்ததும் வாசலுக்கு மேலுள்ள சிறு திறப்பின் வழியாக ஒளி நுழைந்து, 19 மீட்டர் நீளமுள்ள குறுகிய பாதையைக் கடந்து உள்ளறையைத் தொடும். 17 நிமிடம் நிற்கும். ஜூனில் அது கிடைக்காது என்றாலும், விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு அந்த ஒளி எப்படி ஊர்ந்து வரும் என்று செயற்கை வெளிச்சத்தில் காட்டுகிறார்கள். வியாசர்பாடி இரவீஸ்வரர் கோயிலைச் சூரியன் வழிபட்ட தலம் என்று சொல்லி வளர்ந்த எனக்கு அந்த இருட்டில் பேச்சு எழவில்லை. பார்வையாளர் மையத்தின் வழியாகத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலுள்ள கெல்ஸ் நூல், ஏறக்குறைய கி.பி. 800-ஐச் சேர்ந்த, பைபிள் நற்செய்திகளின் கையெழுத்துப் படி. கட்டணம் அதிகம், கூட்டமும் அதிகம். டப்ளின் கோட்டை வளாகத்திலுள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் பழஞ்சுவடிகளை இலவசமாக, நிதானமாகப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் அதுவே மேல்.

காசிமேட்டுக்காரன்:
படகு பார்க்க வேண்டும் என்றால் கால்வேயிலிருந்து இனிஷ்மோர் தீவுக்குப் போங்கள். ரோசவீல் துறையிலிருந்து நாற்பது நிமிடக் கடல் பயணம். கரையில் 'கரக்' என்ற படகுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மெல்லிய மரச்சட்டங்களை வளைத்துக் கட்டி, மேலே தார் பூசிய துணியை இழுத்துப் போர்த்தியிருக்கும். அந்தக் காலத்தில் துணிக்குப் பதில் மாட்டுத்தோல். கட்டுமரம் தள்ளிய குடும்பத்தில் பிறந்த நான் விரலால் தட்டிப் பார்த்தேன், பறையைத் தட்டியது போல ஓசை வந்தது. வெறும் பாறையின் மேல் மணலையும் கடற்பாசியையும் பரப்பி மண் உண்டாக்கிப் பயிரிட்டவர்கள் அந்தத் தீவுக்காரர்கள். மலைமுகட்டிலுள்ள துன் எங்கஸ் கற்கோட்டைக்குக் கரடுமுரடான ஏற்றம்; மூட்டுவலிக்காரர்களுக்கு ஆகாது. இறங்குதுறையிலேயே குதிரை வண்டி கிடைக்கும், அம்மா அதில் தீவைச் சுற்றி வரட்டும்.

டப்ளினிலேயே கடல் வேண்டுமென்றால் உள்ளூர் இரயிலில் அரை மணி நேரத்தில் ஹோத் மீன்பிடித் துறைமுகம். மீனை அறுத்துக் கழிவை வீசும் இடத்தில் கடல்நாய்கள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், நம் துறையில் பூனைகள் நிற்பதுபோல.

பெரம்பூர் பயணி:
அந்தப் பேருந்துத் திட்டத்தில் ராட்சதர் பாதை இருந்தால் கவனம். ஏறக்குறைய 40,000 எரிமலைக்கல் தூண்கள் நிற்கும் அந்த இடம் வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் இருக்கிறது. எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது என்பதற்காக விசா வேண்டாம் என்று பொருளல்ல. உங்கள் ஐரிஷ் விசாவில் பி.ஐ.வி.எஸ். (ஒரே விசாவில் பிரிட்டனுக்கும் செல்ல இடம்தரும் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம்) என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அயர்லாந்துக்கே செல்லாது.

இன்னொன்று. டப்ளினில் கஸ்டம் ஹவுஸ் கரையோரம், 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் நினைவாக வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. எலும்பும் தோலுமானவர்கள் கப்பலை நோக்கி நடக்கிறார்கள். ஒருவர் தோளில் துவண்ட உடல் ஒன்று கிடக்கிறது. அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். மேற்குக் கடற்கரையில் பசித்தவர்களைக் கூலிக்கு வைத்துப் போட்ட சாலைகளும் சுவர்களும் இன்றும் இருக்கின்றன. 1876-78 தாதுவருடப் பஞ்சத்தில் நம் ஊர் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டியதும் அதே முறையில்தான்.

இராயபுரத்தார்:
அனைவருக்கும் நன்றி. முகவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கால்வேயில் நான்கு இரவு, மற்றவை மகள் வீட்டில். விசாவில் அந்தக் குறிப்பு இருக்கிறது. ஆனாலும் வடக்கே போகவில்லை. குதிரை வண்டியில் ஏற எத்தனை படி என்று மனைவி கேட்கிறார். காசிமேட்டு நண்பர் சொன்னால் நன்று.