நம்ம ஊர்ப் பொருளைக் கொண்டே கற்றல் விளைவை எட்டுவது: 3, 4, 5ஆம் வகுப்பு வரலாறு, அறிவியல், கைவேலை

அம்பை டீச்சர்
அறிவியலில் இருந்து தொடங்குகிறேன். நீர் ஆவியாதலில் பிள்ளைகள் வரையறையை ஒப்பிப்பதோடு பதிவேட்டை மூடிவிடுகிறோம். கற்றல் விளைவு, அதாவது பாடம் முடிந்ததும் பிள்ளை செய்து காட்ட வேண்டியது, கேட்பதோ உற்றுநோக்கி, அளந்து, காரணம் சொல்வதை. அதற்கு மண்பானை போதும். காருக்குறிச்சிப் பானை கிடைத்தால் நல்லது, ஆனால் பெயின்ட் அடித்தது வேண்டாம். நுண்துளைகள் அடைபட்டுப் போவதால் அது வியர்க்காது.

ஒரே அளவில் ஒரு சிறு பானையும் ஒரு எவர்சில்வர் செம்பும் எடுத்து, இரண்டிலும் 500 மி.லி. தண்ணீர் ஊற்றித் தட்டு போட்டு மூடுங்கள். வெயில் படாத, காற்று ஓடும் திண்ணையில் பிரிமணை மேல் வையுங்கள். தொடங்கும்போது ஒரு தடவை, மூன்று மணி நேரம் கழித்து ஒரு தடவை வெப்பநிலை எடுக்கணும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அதன் அளவுகோலே 35 டிகிரியில்தான் ஆரம்பிக்கிறது. 0 முதல் 100 வரை காட்டும், சிவப்புத் திரவம் உள்ள ஆய்வக வெப்பமானி வேணும். பாதரசம் உள்ளதைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீங்க.

கடைசியில் இரண்டு தண்ணீரையும் அளவு ஜாடியில் ஊற்றிப் பார்க்கணும். பானையில் குறைந்திருக்கும், செம்பில் அநேகமாக அப்படியே இருக்கும். "குறைந்த தண்ணி எங்கே போச்சு, மிச்சம் ஏன் குளிர்ந்தது?" என்ற கேள்வியில்தான் பாடமே இருக்கு.

மானூர் வாத்தியார்
டீச்சர், புதுப் பானை என்றால் முந்தின ராத்திரியே தண்ணீர் ஊற்றி ஊற வைக்கச் சொல்லணும். காய்ந்த பானையின் சுவரே நிறையத் தண்ணீரைக் குடித்துவிடும். அதையும் ஆவியானதாகப் பிள்ளைகள் கணக்கு எழுதிவிடுவார்கள்.

பருவமும் முக்கியம். ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும்போது நம்ம நெல்லைப் பக்கம் மழை மறைவு. கணவாய் வழியாக வருகிற காற்று விடாமல் அடிக்கும், பானை சீக்கிரம் குளிரும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும், வித்தியாசம் தெரிவதே கஷ்டம். அதனால் முதல் பருவத்தில் ஒரு தடவை, மழைக்காலத்தில் ஒரு தடவை செய்து இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். "அதே பானை, அதே தண்ணி, ஏன் இப்போ குளிரலை?" என்று பிள்ளையே கேட்டால் அந்த விளைவு எட்டியாயிற்று. வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) அந்த அட்டவணையே சான்று, தனியாகப் படம் வரைந்து ஒட்டத் தேவையில்லை.

பாளை ஆசிரியர்
வரலாற்றில் பெரிய சிக்கல் கால உணர்வு. ஆதிச்சநல்லூரும் கட்டபொம்மனும் பிள்ளைகளுக்கு ஒரே "அந்தக் காலம்". சுவரில் தொங்கும் காலக்கோடுகளும் நிகழ்வுகளைச் சம இடைவெளியில் போட்டு இதையே வளர்க்கின்றன.

கயிறு கட்டுங்கள். ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். திருநெல்வேலி மாவட்டம் உருவான 1790இல் முதல் முடிச்சு. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799க்கு 9 செ.மீ. தள்ளி அடுத்தது. அங்கிருந்து 44 செ.மீ. தள்ளி 1843, தாமிரபரணி மேல் சுலோசன முதலியார் பாலம். பிறகு வெறும் கயிறாக 143 செ.மீ. நீளும், 1986இல் தூத்துக்குடி பிரிகிறது. இன்னும் 33 செ.மீ. போனால் 2019, தென்காசி. இதெல்லாம் முடிந்ததும், பிள்ளை பிறந்த ஆண்டு கயிற்றில் எங்கே வரும் என்று அவர்களே அளந்து சீட்டு ஒட்டட்டும்.

இதுவரை வகுப்புக்குள் அடங்கும். ஆதிச்சநல்லூரில் 2004-05இல் தோண்டியெடுத்த பொருளுக்குக் கிடைத்த காலக்கணிப்பு கி.மு. 905. இதே அளவில் அது இன்றிலிருந்து 29 மீட்டருக்கும் மேல். கயிறு வாசலைத் தாண்டி மைதானத்துக்குப் போகும். பிள்ளைகளை அதன் கூடவே நடக்க விடுங்கள், எத்தனை தடவை வாயால் சொன்னாலும் இது வராது. நைலான் கயிறு இழுத்தால் நீளும், அளவு தப்பும். சணல் கயிறு நல்லது. முடிச்சும் நீளத்தைத் தின்னும் என்பதால் முடிச்சுக்குப் பதில் துணி கிளிப் போடலாம்.

இன்னொன்று: ஆதிச்சநல்லூர், கொற்கை இப்போது தூத்துக்குடி மாவட்டம். பூலித்தேவனின் நெற்கட்டும்செவல் தென்காசி மாவட்டம். பழைய வினாத்தாளைப் பார்த்து எழுதிப்போட்டால் தப்பாகிவிடும்.

திசையன்விளை சார்
நாலாம் வகுப்பு ஐந்திணைக்கு நம்ம பக்கமே போதும். குறிஞ்சிக்குப் பாபநாசம் மலை, மருதத்துக்குச் சேரன்மகாதேவி வயல், நெய்தலுக்கு உவரி. முல்லைக்குக் களக்காட்டு அடிவாரம் காட்டலாம். பாலைக்குத் தேரியைக் காட்டுகிறவர்கள் கொஞ்சம் கவனிங்க. தேரி, காற்று கொண்டுவந்து குவித்த செம்மணல் மேடு. பாலை என்பது வறட்சியில் முல்லையும் குறிஞ்சியும் தன்மை திரிந்த நிலம். மணல் இருந்தால் பாலை என்று பிள்ளை மனதில் பதிந்துவிட்டால், பிறகு காரணம் கேட்கும் கேள்வி எல்லாமே தவறும்.

வீரவநல்லூர் அக்கா
கைவேலைக்குப் பத்தமடைப் பாயை எடுக்கலாம். அசலில் பாவு (நீளவாக்கில் ஓடும் இழை) பருத்தி நூல், ஊடு (குறுக்கே கோக்கும் இழை) கோரை. வகுப்பில் 20 × 15 செ.மீ. சார்ட் அட்டையைப் பாதியாக மடித்து, மடிப்பிலிருந்து ஒரு செ.மீ. இடைவெளியில் வெட்டிக்கொண்டு போய், ஓரத்தில் 2 செ.மீ. விட்டு நிறுத்தணும். விளிம்பு வரை வெட்டினால் அட்டை பிரிந்துவிடும். ஊடுபட்டையும் ஒரு செ.மீ. அகலம். அரை செ.மீ. என்றால் மூணாம் வகுப்புக் கைக்குக் கிழியும்.

முதல் வரிசை மேல்-கீழ், அடுத்தது கீழ்-மேல். பலரும் இரண்டாவதையும் முதலாவது மாதிரியே கோப்பார்கள், பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். உடனே திருத்தாதீங்க, தளர்வதைப் பார்த்து அவர்களே காரணம் சொல்லட்டும். ஒவ்வொரு வரிசையையும் விரலால் நெருக்கித் தள்ளினால்தான் இடைவெளி மறையும். மதிப்பிடும்போது அழகுக்கு மதிப்பெண் போடாதீங்க. பாதியில் நிற்கிற பாயைக் கையில் கொடுத்து, "அடுத்த வரிசை எப்படி வரும்?" என்று கேளுங்க.

அம்பை டீச்சர்
அக்கா, அந்தப் பாதிப் பாயை இரண்டு நிறத்தில் வைத்தால் கணக்கு வடிவங்களுக்கும் அதே அட்டை ஆகும். சார்ட் கொஞ்சம் தடிமனாக வாங்கச் சொல்லுங்க, மெல்லிசு ஆடிக் காற்றில் மேசையிலேயே நிற்காது.