பாங்காக்கில் எங்கே தங்கினால் கையைக் கடிக்காது?

வணக்கம். ஜனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாங்காக் போகிறேன். டிக்கெட் மலிவாகக் கிடைத்துவிட்டது, தங்கும் இடத்தில்தான் குழப்பம். காவ்சான் சாலையில் அறை வாடகை குறைவு, அரண்மனையும் கிட்ட. ஆனால் பக்கத்தில் ஸ்கைட்ரெயின் (மேம்பால ரயில்) கிடையாது, ராத்திரியெல்லாம் பாட்டுச் சத்தம் வேறு. அம்மாவுக்கு ஒத்துவராது.

சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம் தங்கினால், ஸ்கைட்ரெயினில் சபான் தாக்சின் போய், அங்கிருந்து படகில் தா தியென் துறையில் இறங்கி வாட் போ புத்தர் கோயிலைப் பார்த்துவிடலாம். அந்தப் பக்கம் சுத்தமான, சிக்கனமான விடுதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆரஞ்சுக் கொடி கட்டிய சாதாரணப் பயணிகள் படகே போதுமா, இல்லை சுற்றுலாப் படகின் நாள் சீட்டு வாங்கலாமா? அரண்மனைக்கே ஆளுக்கு 500 பாட், மிச்சத்தில்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம் சாப்பாடு. அம்மா சுத்த சைவம். அங்கே காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ் ஊற்றுவார்களாமே! மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் 'ஜே' (தாய் மொழியில் சுத்த சைவம்) என்று போட்ட கடைகள், சைவத் திருவிழா இல்லாத சாதாரண நாளிலும் திறந்திருக்குமா?

அரண்மனையிலும் கோயில்களிலும் இருக்கும் உடைக் கட்டுப்பாடு பற்றிக் கவலையில்லை, அம்மா புடவைதான். நான்தான் அரை டிரவுசரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகணும்.