பைப்லைன் ரிவர்சல்: எதிரோட்டமா, திசைமாற்றமா?

> குழாயில் எண்ணெய் ஓடும் திசையைத் திருப்புகிற ரிவர்சலுக்குத் தமிழில் ‘எதிரோட்டம்’ என்றே வைத்துவிடலாமே.

ஐயா, வணக்கம்.

எதிரோட்டம் எனக்கு ஒட்டவில்லை. வெப்பப் பரிமாற்றியில் இரண்டு நீர்மங்கள் எதிரெதிராக ஓடுவதற்கு அதைச் சொல்கிறோம். இன்னொருவர் தந்த ‘பின்னோட்டம்’ அதைவிடச் சிக்கல். பம்பு நின்றதும் எண்ணெய் தானாகத் திரும்பி வருவதுதான் பின்னோட்டம். அதைத் தடுக்கத்தானே ஒருவழி வால்வே வைக்கிறார்கள்! நாம் பெயர் தேடுவது யோசித்துச் செய்கிற ஒரு வேலைக்கு.

அமெரிக்காவின் சீவே எண்ணெய்க் குழாயைப் பாருங்கள். டெக்சஸ் கடற்கரையில் இறங்கும் கச்சா எண்ணெயை ஓக்லஹோமாவில் எண்ணெய்த் தொட்டிகள் நிறைந்த குஷிங் ஊருக்குக் கொண்டுபோக 1976-இல் போட்டது. நடுவில் சில காலம் அதில் இயற்கை எரிவாயு ஓடியது, அப்புறம் மறுபடி கச்சா. பிறகு கனடாவிலிருந்தும் வட டகோட்டாவிலிருந்தும் வந்த எண்ணெய் குஷிங் தொட்டிகளில் தேங்கியது. அங்கத்திய விலை, உலகச் சந்தைக்கு அளவுகோலான பிரெண்ட் கச்சா விலைக்கு வெகுவாகக் கீழே போனது. 2012 மே மாதம் அதே குழாயில் எண்ணெய் கடலை நோக்கி ஓடத் தொடங்கியது. லூசியானாவையும் இல்லினாயையும் இணைக்கும் கேப்லைன் குழாயும் ஏறத்தாழ பத்தாண்டு கழித்து அதே வழிக்கு வந்தது.

மோட்டாரைத் திருப்பிச் சுற்றவிட்டால் ஆகிற காரியமில்லை இது. பம்பு நிலையங்களில் உறிஞ்சும் பக்கமும் தள்ளும் பக்கமும் மாற வேண்டும். ஒருவழி வால்வுகளைக் கழற்றித் திருப்ப வேண்டும். குழாய்க்குள் ஓடிச் சுத்தம் செய்கிற, சோதிக்கிற பிக் கருவியை உள்ளே விடும் இடமும் வெளியே எடுக்கும் இடமும் தலைகீழாகும். முன்பு குறைந்த அழுத்தம் தாங்கிய பகுதி இனி கூடுதல் அழுத்தம் தாங்க வேண்டிவரும். பழைய குழாயில் அதுதான் பயம்.

அதனால் ‘திசைமாற்றம்’ போதும் என்கிறேன். ‘எதிர்’ இல்லையே என்பார்கள். குழாய்க்கு இருப்பதே இரண்டு திசைதான்!

கூடவே, ஒரு குழாயை வேறு பொருளுக்கு மாற்றுகிற கன்வர்ஷனுக்குச் ‘சரக்குமாற்றம்’. பிக் இன்ச், லிட்டில் பிக் இன்ச் இரண்டும் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து போர்க்காலத்தில் போட்ட எண்ணெய்க் குழாய்கள். போர் முடிந்த பிறகு எரிவாயுவுக்கு மாறின, 1947-இல் விற்கப்பட்டன. லிட்டில் பிக் இன்ச் 1957-இல் திரும்ப எண்ணெய்ப் பொருள்களுக்கு வந்தது. சரக்கு என்றதும் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். லாரியிலும் கப்பலிலும் அதுதான் சொல்.

---

அன்புள்ள தம்பிக்கு,

திசைமாற்றம் சரி, என் எதிரோட்டத்தை விட்டுவிடுகிறேன். சரக்குமாற்றத்தில்தான் இடிக்கிறது. அமெரிக்காவின் கலோனியல் குழாயில் பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவே தடுப்புகூட இல்லாமல் போகின்றன. அங்கே சரக்கு மாறிக்கொண்டேதான் இருக்கிறது. அதற்காக யாரும் பம்பைக் கழற்றிவிட்டு, எரிவாயுவைத் தள்ளும் கம்ப்ரஸர் வைப்பதில்லை. சரக்குமாற்றத்தை அந்த அன்றாட வேலைக்கு ஒதுக்குவோம். பிக் இன்ச்சுக்கு நடந்தது ‘பயன்மாற்றம்’. ஒத்துக்கொள்வீர்களா?

அப்படியே, இரண்டு சரக்கு தொடும் இடத்தில் கலந்துபோகிறதே, பிரித்தெடுத்து மறுபடி காய்ச்சி வடிக்க அனுப்புவார்களே, அந்தக் கலவைக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள். ‘சந்திக்கலவை’ எப்படி?