இரைச்சல் வெளிப்பாடா, இரைச்சல் படுதலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தொழிலாளர் நலக் கையேட்டின் சொற்பட்டியலில் noise exposure என்பதற்கு "இரைச்சல் வெளிப்பாடு" என்று இருப்பதை மாற்றியே ஆக வேண்டும். வெளிப்பாடு என்றால் உள்ளிருந்து வெளியே வருவது. விசைத்தறிக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இரைச்சலை வெளிப்படுத்துவது தறி. அதை நாள் முழுக்க வாங்கிக்கொள்பவர் தறி ஓட்டுபவர். நாம் பெயர் தேடுவது அவருக்கு நேர்வதற்கு. வெயில் படுகிறது, தூசு படுகிறது என்கிறோமே, அதே வினை இங்கும் பொருந்தும். "இரைச்சல் படுதல்" என்பது என் பரிந்துரை. நீங்கள் எழுப்பிய மறுப்புகளும் என் பதில்களும் கீழே.

> "ஒலித்தாக்கம்" போதாதா? சுருக்கமாகவும் இருக்கிறது.

போதாது. தாக்கம் என்பது விளைவு. எவ்வளவு பட்டது என்பதையும் அதனால் என்ன ஆனது என்பதையும் தனித்தனியே சொல்ல நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும். அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷின் (NIOSH) ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2014ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பை வைத்துச் செய்தது. வேலையில் இருப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு எப்போதாவது பணியிட இரைச்சல் பட்டிருக்கிறது. செவித்திறன் குறை உள்ளவர்களில் 58 விழுக்காட்டினருக்கும், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 14 விழுக்காட்டினருக்கும், ரத்தத்தில் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) மிகுந்தவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் பணியிட இரைச்சலைக் காரணமாகச் சொல்லலாம் என்று கணக்கிட்டார்கள். தொழிலாளர்கள் தாங்களே சொன்ன பதில்கள்தான், அதனால் இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பட்டது ஒன்று, விளைந்தது மூன்று. "தாக்கம்" என்று வைத்தால் இந்தப் பத்தியையே தமிழில் எழுத முடியாது.

> இதயத்தை எதற்கு இழுக்கிறீர்கள்? "தொழில்வழிச் செவிக்கேடு" என்று வைத்தால் எல்லாருக்கும் புரியும்.

புரியும், காதோடு நின்றுவிடும். உரத்த சத்தத்தை உடம்பு ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கின்றன, ரத்தக்குழாய் சுருங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. இது பல வருடம் தினமும் நடந்தால் இதயத்துக்குச் சுமை. "சத்தம் பழகிடுச்சுங்க" என்று தறிக்காரர்கள் சொல்வார்கள். பல பேருக்கு அது பழக்கமே இல்லை. ஒலியை உணரும் உட்செவி மயிர்ச்செல்கள் செத்துக்கொண்டிருப்பதன் அடையாளம். செத்தவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள், அதனால் சோதனை செய்யாமல் ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் தொழில்நோய்களைப் பட்டியலிட்ட மூன்றாம் அட்டவணையில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு இருந்தது, ரத்த அழுத்தம் இருக்கவில்லை. சட்டத்தில் விடுபட்டது நம் சொல்லிலும் விடுபட வேண்டுமா?

> "படு" என்றாலே படுகொலை, படுமோசம்தான் நினைவுக்கு வருகிறது.

பள்ளி இயற்பியலில் படுகதிர், படுகோணம் படித்தோமே, அப்போது யாருக்கும் கொலை நினைவு வரவில்லை. "படு" என்று வைத்தால் இன்னொரு வசதி, குடும்பச் சொற்கள் தானாகக் கிளைக்கும்: இரைச்சல் படும் நேரத்துக்குப் படுநேரம், எவ்வளவு படலாம் என்ற வரம்புக்குப் படுவரம்பு. இதில் படுவரம்பு மிக அவசியம். நம் தொழிற்சாலை மாதிரி விதிகளில் 90 டெசிபல் ஒலியளவுக்கு 8 மணி நேரம், 95க்கு 4 மணி நேரம் என்று இருந்தது. நியாஷ் பரிந்துரைப்பதோ 85க்கு 8 மணி நேரம். 3 டெசிபல் கூடினாலே நேரம் பாதியாகிவிடும். அந்தக் கணக்கில் 95 டெசிபல் ஓசையில் ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது. நாடா ஓடும் பழைய வகை ஷட்டில் தறிக்கூடங்களில் 12 மணி நேர ஷிப்ட் சாதாரணம். "இரைச்சல் அளவு" என்று மட்டும் எழுதினால் இந்த நேரக் கணக்கு கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

அப்புறம், ஷிப்ட் முடிந்ததும் காது அடைத்துக்கொண்டு, ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் நிலைக்கு நான்கு சொல் கூட்டிய தொடர் எதுவும் வேண்டாம். "காது மந்தம்" என்றே சொல்கிறார்கள், "தற்காலிகச் செவிமந்தம்" என்று வைப்போம். நிரந்தரமானதற்குச் "செவித்திறன் இழப்பு". காதுக்குள் கொய்ங் என்று கேட்பதற்குக் "காதிரைச்சல்" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டியதில்லை.

விசைத்தறி ஊர்களான சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் இருக்கும் நண்பர்கள் "படுநேரம்", "படுவரம்பு" இரண்டையும் தறிக்கூடத்தில் வாசித்துக் காட்டி, எங்கே தடுக்குகிறது என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பட்டியலை முடிக்கலாம்.